மாப்பிள்ளை வீட்டுக் கத்தி

பெண் கேட்டு வருகிறவர்கள் பழம் கொண்டுவருவார்கள், பூ கொண்டுவருவார்கள், வசதி இருந்தால் கொழும்புச் சேலை கொண்டுவருவார்கள். கத்தி கொண்டுவந்தவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊரில் புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம், என் மகள் கிளாடிஸுக்கு நிச்சயம் குறித்திருந்த சமயம். ஆலந்தலையிலிருந்து மாப்பிள்ளையின் அக்காள் வந்து, தாம்பாளத்தில் பழத்தோடு ஒரு தேக்குப் பெட்டியையும் வைத்து நீட்டினாள்.

“தம்பி கொடுக்கச் சொன்னான். நிச்சயத்தன்னைக்கு மாமா மீன் வெட்டுததுக்கு” என்றாள்.

வாங்கி வைத்தேன். வந்தவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பும்வரை பெட்டியைத் திறக்கவில்லை.

மீன் வெட்டுவது எங்கள் குடும்ப வழக்கம். எங்கள் மொத்தா குடும்பத்தில் பெண்ணுக்கு நிச்சயம் என்றால், இரு வீட்டார் பார்க்கக் குடும்பத் தலைவன் ஒரு முழுச் சீலா மீனின் தலையை அறுத்தெடுக்க வேண்டும். பலகையில் வைத்த மீனின் மேல் கத்தி ஒருமுறை இறங்கினால் தலை தனியாகும்வரை மேலே வரக்கூடாது. தலை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும், உடல் பந்திக்குப் போகும். அதைச் செய்ய முடியாதவன் தலைமையை அடுத்த கிளைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். என் பெரியப்பா கத்தியைப் பாதியில் எடுத்தார் என்பதற்காகத்தான் தலைமை என் தகப்பனாருக்கு வந்தது. இப்போது அந்த இடத்துக்குப் பெரியப்பா மகன் லாசரு கண்ணாக இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

என் வலது கை அதற்கு ஆகாது. சில வருஷங்களுக்கு முன் கொழும்பிலிருந்து என் தோணியில் திரும்பும்போது நடுக்கடலில் காற்று மாறி, பாய்க் கயிறு என் உள்ளங்கை வழியாக ஓடிப் போனது. புண் ஆறியது ஊருக்குத் தெரியும். பிடி திரும்பி வரவில்லை என்பது ஊருக்குத் தெரியாது. பேனா பிடிப்பேன், செபமாலை பிடிப்பேன். இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டுக்குள் இடது கையால் காரியம் பார்ப்பேன். வெளியே வலது கையைச் சட்டைப் பையருகே வைத்துக்கொண்டு, வேலையாட்களைச் செய்யச் சொல்வேன். தோணி முதலாளி கையை அசைக்காமல் நிற்பதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. என் மனைவி பிளாரன்ஸுக்கும் கிளாடிஸுக்கும் மட்டுந்தான் விஷயம் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

அப்படி ஒரு கத்தியை நான் பார்த்ததில்லை. ஒன்றரைச் சாண் அலகு. முனை கூர்மையாக முடியாமல் உளிபோலச் சதுரமாக நின்றது. அலகின் ஒரு முகம் பலகைபோல் தட்டை, மறு முகம் மட்டும் சரிந்து விளிம்புக்கு இறங்கியது. எஃகின் மேல் முழுக்க, முறுக்கிய கயிறுகளை நெருக்கி அடுக்கினாற்போல் ஒரு வரி ஓடிற்று. பூவரசங் கட்டைப் பிடி, சாதாரணப் பிடியைவிடத் தடிமன். அதன் ஒரு பக்கத்தில் பெருவிரல் பதிய ஒரு குழி.

வலது கையால் எடுத்தேன். குழி எங்கோ உள்ளங்கைப் பக்கம் கிடந்தது, கத்தி கையில் புரண்டது. இடது கைக்கு மாற்றினேன். பெருவிரல் தானாகப் போய்க் குழிக்குள் உட்கார்ந்தது. தோணியின் சுக்கானைப் பிடித்த மாதிரி இருந்தது.

இது என் இடது கைக்கென்றே செய்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

குசினிக்குப் போனேன். பிளாரன்ஸ் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, எங் கை விஷயத்த ஆலந்தலைக்காரங்கிட்ட யாரு சொன்னது?”

“நான் சொல்லல.”

“பின்ன அவனுக்குச் சொப்பனத்துலயா தெரிஞ்சது?”

“நாஞ் சொல்லுதவளா இருந்தா இத்தனை வருஷத்துல லாசரு பொண்டாட்டிகிட்ட சொல்லியிருப்பேன். அவதான் வாரம் ஒருக்கா வந்து நோண்டிட்டுப் போறா” என்றாள், தேங்காயை நிறுத்தாமல்.

கிளாடிஸைக் கூப்பிட்டேன். “நீ சொன்னியா?”

“நான் அவங்ககிட்ட பேசினதே பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல வச்சு. நீங்களும் கூடத்தான் நின்னீங்க. மழை வருமான்னு கேட்டாங்க, வராதுன்னேன். உங்க கைய எங்க கொண்டு போய்ச் சொருக?”

இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குக் காரணமும் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளைப் பையன் விக்டர் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் கிரேன் பிரிவில் வேலை பார்த்தான். படிப்பு உண்டு, குடி இல்லை, பங்குச் சாமியாரே நல்லவிதமாகச் சொன்னார். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே மாமனாரின் குறையைக் கண்டுபிடித்து அதற்கு அளவெடுத்துக் கத்தி செய்து அனுப்புகிறவன் என்ன மனுஷன்? ‘எனக்குத் தெரியும், ஞாபகம் வைத்துக்கொள்’ என்று சொல்கிறானா? கத்தியைத் திருப்பி அனுப்பிவிட நினைத்தேன். ஏன் திருப்புகிறீர்கள் என்று கேட்பார்களே, அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

காரணத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை பால்துரை என்னைத் தெருவில் மறித்தார். அவருக்கு இரும்புக் கடை. “மொத்தா அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்ல இருந்து வரி விழுந்த டமாஸ்கஸ் கத்தி வந்திருக்காமே. மாப்பிள்ளையோட அக்கா பஸ் ஸ்டாண்டுலயே எல்லார்ட்டயும் சொல்லிட்டுத்தான் வந்திருக்கு. சனிக்கிழமை கொண்டு வாங்க. ஒளிச்சு வச்சிராதிய.”

பால்துரையின் கடைக்குப் பின்கட்டில் சனிக்கிழமை சாயந்திரம் கத்திப் பித்துப் பிடித்த நாலு பேர் கூடுவோம். நான், பால்துரை, நாசரேத்திலிருந்து வந்து குடியேறிய ரிட்டயர்டு வாத்தியார் கிருபாநிதி, ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் விளைவிக்கிற சங்கரலிங்கம். கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. கொண்டுவந்தவன் கத்தியைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் கருத்துச் சொல்லி முடித்த பிறகே அவன் பேசலாம். சொந்தக்காரன் முதலில் பெருமை பேசிவிட்டால் மற்றவர்களுக்கு உள்ளதைச் சொல்லக் கூச்சம் வந்துவிடுகிறது என்று நாங்களே வைத்துக்கொண்ட விதி.

போகாவிட்டால் சந்தேகம் வரும். போனால், போலி டமாஸ்கஸ் என்று இவர்கள் வாயாலேயே வந்துவிட்டால், ‘போலிச் சாமானை என் வீட்டில் வைக்கமாட்டேன்’ என்று திருப்பி அனுப்பிவிடலாம். ஒரே பயம், இது இடது கைக்குச் செய்தது என்று கண்டுபிடித்துவிடக்கூடாது.

சாக்கை விரித்துக் கத்தியை வைத்தேன். மூன்று பேரும் குனிந்தார்கள்.

“இது பாம்புச் சட்டை மாதிரில்லா இருக்கு” என்றார் சங்கரலிங்கம்.

“ஆசிட்டால போட்ட கோலம்” என்றார் பால்துரை. “மெட்ராஸ்ல செய்யுதானுவ. மெழுகைத் தடவி, கீறி, ஆசிட்டை ஊத்தி, டமாஸ்கஸ்னு தலையில கட்டிருவான்.”

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கிருபாநிதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். “டமாஸ்கஸ்னு பேரு அங்க கடையில வித்ததால வந்தது. உருக்கு இங்கேருந்து கப்பல்ல போனது. அந்த அசல்ல தண்ணி ஓடுன மாதிரி வரி இருக்கும். இது அது இல்ல. இது அடிச்சு ஒட்டவச்ச ரகம்.”

“சார்வாள் அந்தக் கப்பல்ல போனியளாக்கும்” என்றார் பால்துரை.

“புஸ்தகத்துல போனேன்.”

“புஸ்தகத்துல போனா சுங்கம் கிடையாது.”

பால்துரை உப்புத்தாளை எடுத்து, பிடிக்கு அருகே நகத்தளவு இடத்தைத் தேய்த்தார். வரி மறைந்து வெள்ளையாயிற்று. “பாத்தியளா?” என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு, முழுசாக ஜெயித்துவிடலாம் என்று, பாட்டரி ஆசிட்டை ஒரு பஞ்சில் தொட்டு அதே இடத்தில் வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். துடைத்தபோது, மறைந்த வரி அதே இடத்தில் அதே முறுக்கோடு மெல்ல எழுந்து வந்தது. மேலே போட்ட கோலம் இல்லை. எஃகின் உள்ளேயே ஓடுகிற வரி.

“சரி, போலி இல்ல” என்றார் பால்துரை, தன் சொந்தச் சரக்கில் நஷ்டம் வந்தவர்போல.

“நல்ல சாமான்னா வெட்டணும்” என்று சங்கரலிங்கம் கத்தியை வாங்கினார். அரிவாளைத் தவிர வேறொன்றையும் உள்ளூர மதிக்காதவர் அவர். மூலையில் கிடந்த வாழைத்தண்டை நிறுத்தி அறுத்தார். கத்தி நேராக இறங்காமல் ஒரு பக்கமாக ஓடிப் போனது. மறுபடியும் அறுத்தார், மறுபடியும் ஓடிற்று.

“கோணக் கத்தி. முனை இல்ல, மூக்கு இல்ல, ஒரு பக்கம்தான் சாணை. பிடியில ஒரு பள்ளம், அது வேற கைய உறுத்துது. இதச் செஞ்சவன் குடிச்சிட்டுச் செஞ்சிருக்கான்.”

“நான் பாக்கேன்” என்று பால்துரையும் அறுத்துப் பார்த்தார். அவருக்கும் ஓடிற்று. “எஃகு தங்கம். அமைப்பு தரித்திரம்” என்றார்.

எனக்கு அது போதும். அமைப்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பிவிடலாம். எழுந்து கத்தியை எடுக்கப் போனேன். அதற்குள் காப்பி வந்துவிட்டது. கிருபாநிதி வலது கையில் தம்ளரை வாங்கிக்கொண்டவர், கீழே வைக்க இடமில்லாமல், கத்தியை இடது கையால் எடுத்தார்.

எடுத்தவரின் பெருவிரல் குழிக்குள் போய் உட்கார்ந்தது.

“அண்ணாச்சி, அந்தத் தண்டைப் பிடிங்க” என்றார் சங்கரலிங்கத்திடம். காப்பி தம்ளரை வைக்காமலே இடது கையால் அறுத்தார். கத்தி நூல் பிடித்தாற்போல் இறங்கியது.

“இது இடக்கைக் கத்தி ஓய்.”

ஆளாளுக்கு இடது கையால் வாங்கிப் பார்த்தார்கள். பெருவிரலைக் குழியில் வைத்து எடுத்தார்கள், வைத்தார்கள். தண்டு முழுவதும் தீர்ந்தது. மூன்று பேருக்கும் முகம் மலர்ந்துபோயிற்று. குடித்துவிட்டுச் செய்தவன் இப்போது பெரிய கெட்டிக்காரன் ஆகிவிட்டான். சதுர முனை கூடப் பலகையில் ஊன்றி அழுத்துவதற்குத்தான் என்று சங்கரலிங்கமே சொன்னார்.

பிறகு பால்துரை கேட்டார். “அப்பம் இது யாரு கைக்குச் செஞ்சது?”

“செய்யச் சொன்ன ஆளு கைக்குத்தான்” என்றார் சங்கரலிங்கம். “மாப்பிள்ளை இடக்கையன்.”

“அடப் பாவமே, பந்தில யாரு பக்கத்துல உக்கார?” என்றார் பால்துரை. “முழங்கையும் முழங்கையும் முட்டிக்கிட்டு.”

“பொண்ணுக்குத் தாலிய எந்தக் கையால கட்டுவான்?” என்றார் சங்கரலிங்கம்.

சிரித்தார்கள். சிரித்து முடித்து என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் கருத்துச் சொல்லியாகிவிட்டது. விதிப்படி இனி நான் பேசலாம்.

“காப்பி ஆறுது, குடிங்க” என்றேன். கத்தியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை. அவர்களாக எண்ணிக்கொண்டதை மறுக்கவில்லை, அவ்வளவுதான். வழியெல்லாம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அந்த வாரம் முடிவதற்குள் பேச்சு கடற்கரை நெடுக ஆலந்தலைவரை போய்விட்டது. மீன் ஏலக் கூடத்தில் ஒருவன், மீன் விலை கேட்பதுபோல, மாப்பிள்ளை எந்தக் கையால் சாப்பிடுவார் என்று என்னிடமே கேட்டான். லாசரு வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஏண்ணே, விசாரிக்காமலா பொண்ணு குடுக்கீங்க? நம்ம குடும்பத்துல இடது கைப் பழக்கம் கிடையாதே” என்றான். சொல்லிக்கொண்டே என் கையைப் பார்த்தானோ என்று எனக்குத் தோன்றியது. அவன் போன பிறகும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளாடிஸ் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் சோற்றை வைப்பாள், போய்விடுவாள்.

ஒரு மத்தியானம் தோணித் துறையில் நான் நின்றுகொண்டிருந்தபோது விக்டர் சைக்கிளில் வந்தான். கிரீஸ் படிந்த சட்டை. சைக்கிளை நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றான்.

“மாமா, எங்க அம்மாகிட்ட ஒரு ஆளு வந்து, உங்க மவன் இடக்கையாமேன்னு கேட்டிருக்காங்க.”

“அதுக்கு?”

“அம்மா என்கிட்ட கேட்டாங்க. ஆமான்னு சொல்லிருங்கன்னேன்.”

அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. “ஏன் அப்படிச் சொன்ன?”

“இல்லன்னு சொன்னா, பின்ன யாருக்குக் கத்தின்னு அடுத்த கேள்வி வரும்லா.”

“எங் கை விஷயத்த யாருடே உங்கிட்ட சொன்னது? உள்ளதைச் சொல்லு.”

“யாரும் சொல்லல. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எனக்குக் கை குடுத்தீங்க. நான் அழுத்தினேன், நீங்க திருப்பி அழுத்தல. வாட்ச்ச வலது கையில கட்டியிருந்தீங்க. எங்க செக்‌ஷன்ல வயர் ரோப் ஓடிப் பிடி போன ஆளுக ரெண்டு மூணு பேரு உண்டு. அவங்களும் அப்படித்தான் கட்டுவாங்க, வாரை மாட்ட இடது கைதான் ஆகும்லா. மீன் வெட்டுத வழக்கத்த எங்க அக்கா சொன்னா. கழிச்சுப்போட்ட கிரேன் ரோப்ல ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஏரல்ல ஒரு கொல்லர்ட்ட குடுத்து அடிச்சு வாங்கினேன். உங்களுக்கு உதவும்னு நெனைச்சேன். இப்படி ஆகும்னு நெனைக்கல.”

“நிச்சயத்தன்னைக்கு என்ன செய்வ?”

“இடது கையால தம்ளர் பிடிச்சாப் போச்சு. கொஞ்ச நாள்ல ஊரு மறந்துரும். நீங்க வேற ஏதாவது கத்தில, எப்படியோ, பாத்துக்கிடுங்க.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அன்றைக்கெல்லாம் யோசித்தேன். அவன் சொன்னது பூராவும் உண்மையாகவே இருக்கட்டும். அப்படியென்றால் இன்னும் மோசம். இந்தப் பையன் எனக்காக ஊர் முன்னால் ஒரு பழியைச் சுமக்கிறான். இன்றைக்கு நல்லவனாகச் சுமப்பான். நாளைக்கு என் மகளோடு ஒரு பேச்சு முற்றினால்? என் வீட்டில் வந்து உட்கார்ந்து, வாயே திறக்காமல், என்னை ஒரு பார்வை பார்த்தால் போதுமே. என் தகப்பனாரும் பாட்டனாரும் எந்த மருமகனுக்கும் கண் தாழ்ந்து இருந்ததில்லை. தலைமையை லாசருவிடம் இழப்பது ஒரு அவமானம். மருமகன் தயவில் தலைமையை வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய அவமானம். இதற்கு மேல் அவன் நல்லவனா கெட்டவனா என்று ஆராய எனக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

என்ன செய்யப்போகிறேன் என்று பிளாரன்ஸிடம்கூட நான் சொல்லவில்லை.

நிச்சயத்தன்று வீடு நிறைந்திருந்தது. ஆலந்தலைக்காரர்கள் ஒரு பக்கம், எங்களவர்கள் ஒரு பக்கம். பால்துரையும் கிருபாநிதியும் சங்கரலிங்கமும் பலகைக்கு மிக அருகில் இடம் பிடித்திருந்தார்கள். அவர்கள் பெண்ணையோ மாப்பிள்ளையையோ பார்க்க வந்த மாதிரித் தெரியவில்லை. லாசரு தன் வலது கை மணிக்கட்டைத் தடவிக்கொண்டு முன்வரிசையில் நின்றான்.

சர்பத் வந்தது. விக்டர் இடது கையை நீட்டி வாங்கினான். பழக்கம் இல்லாத கை, கொஞ்சம் சட்டையில் சிந்திற்று. எங்கள் பக்கத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவன் தாயார் தரையைப் பார்த்தாள். கிளாடிஸ் என்னைப் பார்த்தாள்.

“மாப்பிளைக்கு ஒரு ஸ்பூன் குடுங்கப்பா, சட்டை பாவம்” என்றான் லாசரு.

சீலா பலகையில் கிடந்தது, என் முழுக் கை நீளத்துக்கு மேல் இருக்கும். பக்கத்தில் வீட்டுப் பழைய கத்தியை பிளாரன்ஸ் வைத்திருந்தாள். நான் அதை எடுக்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தேன். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தேக்குப் பெட்டியைத் திறந்து, எல்லாரும் பார்க்க, கத்தியை இடது கையால் எடுத்தேன்.

சர்பத் தட்டு ஓர் இடத்தில் அசையாமல் நின்றது.

வலது கையை மீனின் மேல் சும்மா கிடத்தினேன். சதுர முனையைப் பலகையில் ஊன்றி, செவிளுக்குப் பின்னால் அலகை வைத்து அழுத்தினேன். சதை தடுக்கவில்லை. நடுமுள்ளில் கத்தி நின்றது. அங்கேதான் என் பெரியப்பா கத்தியை எடுத்தார். நான் தோளை இறக்கினேன். முள் அறுந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். தலை பலகையில் தனியாக உருண்டது.

“இந்தக் கத்தி என் கைக்குச் செஞ்சது” என்றேன். “எனக்கு வலது கையில பிடி கிடையாது. கயிறு ஓடின நாள்ல இருந்து கிடையாது. மாப்பிளைக்கு ரெண்டு கையும் ஒழுங்காத்தான் இருக்கு.”

லாசருதான் முதலில் பேசினான்.

“இடது கையால வெட்டினது எப்படிண்ணே சேரும்? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா.”

“கத்தி இறங்கினா தலை வரணும்கது வழக்கம். எந்தக் கைன்னு உங்க அப்பாவும் சொல்லல, எங்க அப்பாவும் சொல்லல. நீ வேணும்னா வால எடுத்துப் பாரு. கத்திய மேல எடுக்காம எடு. எடுத்துட்டா அதுக்கப்புறம் பேசுவோம்.”

லாசரு மீனைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான். அவன் கை நீளவில்லை.

அதற்குள் மூன்று கத்திக்காரர்களும் பலகையைச் சூழ்ந்துவிட்டார்கள். “முள்ளு நொறுங்கல பாருங்க, அறுந்திருக்கு” என்றார் கிருபாநிதி. “விளிம்பு மடங்கிருக்கா பாரும்” என்றார் பால்துரை. சங்கரலிங்கம் வெட்டுவாயில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்து, “இதே மாதிரி எனக்கு ஒண்ணு, வலது கைக்கு” என்று விக்டரிடம் சொன்னார்.

நான் அவர்களை விலக்கினேன். மீன் தலையை வாழையிலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றேன். அந்தப் பையன் எழுந்தான். கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை, அது எனக்கு வேண்டியதும் இல்லை. அதுவரை நடித்த பழக்கத்தில் அவன் மறுபடியும் இடது கையை நீட்டினான்.

“வலக்கைய நீட்டுடே” என்றேன்.